பெரிய தேர் ஓடுகிறது, சிறுதேர் எங்கே?

2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் ஆற்றிய 'மனதின் குரல்' வானொலி உரையில் ராஜபாளையத்தின் பெயர் வந்தது. நாய்களைப் பற்றிப் பேசும்போது வந்தது. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் பக்கத்து நாய் இனங்களை வரிசையாகச் சொன்னார். அதே உரையின் இன்னொரு பகுதி பொம்மைகளைப் பற்றியது. அதில் கர்நாடகத்தின் சென்னபட்டணா, ஆந்திரத்தின் கொண்டபள்ளி ஆகிய ஊர்களோடு தமிழ்நாட்டுக்காகத் தஞ்சாவூர் இடம்பெற்றது. விருதுநகர் மாவட்டத்து ஊர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை; இருக்க நியாயமும் இல்லை. பஞ்சு, பாண்டேஜ் துணி, பட்டாசு, தீப்பெட்டி, பால்கோவா என்று வாழும் மாவட்டம் இது. பொம்மைக்கென்று பேர் வாங்கிய ஊர் இங்கே கிடையாது.

ஆனால் குழந்தை பிடித்துத் தள்ளவும் ஏறி ஓட்டவும் ஒரு வண்டி எல்லா ஊரிலும் இருந்ததுபோல இங்கேயும் இருந்தது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அது தச்சர் வீட்டுத் திண்ணையில், லேத் பட்டறையில், சைக்கிள் கடையின் பின்கட்டில் பிறந்தது. அதை ஒரு தொழில் என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. அதனால் அது போனபோதும் யாரும் கணக்கெடுக்கவில்லை.

நாயின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் ஒரு பாடம் இருக்கிறது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது வேட்டை நாய்க்கு வேலை போயிற்று. பிறகு தோட்டத்துக்கும் வீட்டுக்கும் காவல் என்ற வேறு வேலை கிடைத்தது. கண்காட்சியில் நிற்கும் கௌரவமும் சேர்ந்தது. 2005-இல் அஞ்சல் தலையிலும் ஏறிவிட்டது. வேலை மாறியதால் பிழைத்த இனம் அது. குழந்தை வண்டிகளில் எது பிழைத்தது, எது போனது, எது திரும்பி வந்தது என்று பார்த்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான் வருகிறது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பிடிப்பதில்லை' என்ற பேச்சு எனக்கு ஒப்புதல் இல்லாதது. பிள்ளைகள் மாறவில்லை. பதினோரு மாதக் குழந்தையின் முன்னால் உருளக்கூடிய எதை வைத்தாலும் அது பிடித்துத் தள்ளும். முக்காலியைத் தள்ளும், பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளும், காலி கேஸ் சிலிண்டரைக்கூடத் தள்ளப் பார்க்கும்.

இந்தத் தள்ளலுக்குத் தமிழில் நெடிய சாட்சி உண்டு. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், நெல்லைத் தின்ன வந்த கோழியை விரட்ட ஒரு பெண் எறிந்த காதணி, சிறுவர்கள் குதிரை இல்லாமல் உருட்டிவரும் மூன்று கால் சிறுதேருக்குத் தடையாகக் கிடக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவமே சிறுதேர் உருட்டல்தான். பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் பெரியாழ்வாரோ ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கண்ணன் தளர்நடை நடந்துவரும் அழகுக்கென்றே அவர் ஒரு பதிகம் பாடினார். சங்கிலி பிணைத்த யானை அசைந்து வருவதைப்போல அந்த நடையைப் பார்த்தார். இதே மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் கிடைத்தன. விளையாட்டு இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இனி நடைவண்டி. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. நடுவில் ஒரு சட்டம், அதிலிருந்து எழும் இரண்டு கால்கள், குழந்தையின் மார்பு உயரத்தில் குறுக்கே ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். ஆணிகூட அதிகம் கிடையாது. துளைத்து முளையடித்துச் சேர்த்த மரவேலை. சக்கரமும் கைப்பிடியும் கடைசலில் உருண்டவை. குழந்தை கைப்பிடியைப் பிடித்து எழும். முழுப் பாரத்தையும் சாய்த்தால் வண்டி முன்னே ஓடிவிடும், பிடியை விட்டால் உட்கார்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பாரத்தை வண்டியில் போடுவது, எவ்வளவு தன் காலில் வைத்துக்கொள்வது என்று குழந்தையே கண்டுபிடிக்க வேண்டும். நடக்கக் கற்பது என்பதே இதுதான். வண்டி எதையும் கற்றுத் தருவதில்லை. குழந்தை கற்கும்வரை உடனிருக்கிறது.

இதை ஒழித்தது வேறு ஒரு வண்டி. வட்டமான பிளாஸ்டிக் சட்டம், அடியில் எல்லாப் பக்கமும் திரும்பும் சிறு உருளிகள், நடுவில் துணி இருக்கை, எதிரே பாட்டுப் பாடும் பொத்தான்கள். கடையில் 'வாக்கர்' என்று கேட்டாலே போதும், எடுத்துக் கொடுப்பார்கள். குழந்தையை அதில் உட்காரவைத்துவிட்டு அம்மா சமையலைப் பார்க்கலாம். நடைவண்டிக்கோ பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். தாத்தாவும் ஆச்சியும் வீட்டில் இருந்த காலத்தில் அந்த ஆளுக்குப் பஞ்சமில்லை. கணவனும் மனைவியும் மில்லுக்கோ கம்பெனிக்கோ போகும் வீட்டில் அந்த ஆள் எங்கே? வாக்கர் வாங்கிய பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு பொம்மை இல்லை, இரண்டு கைகளுக்கு ஓய்வு.

ஆனால் வாக்கரில் குழந்தை நடக்கவில்லை. உட்கார்ந்தபடி கால்விரல் நுனியால் உந்துகிறது. விழாமல் நிற்கும் பயிற்சி அதில் துளியும் இல்லை. வேகமோ அதிகம், படிக்கட்டு, அடுப்பங்கரை, தண்ணீர்த் தொட்டி என்று எங்கே வேண்டுமானாலும் நொடியில் போய்விடும். கனடா 2004-இல் இதை விற்பதையே தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் நெடுங்காலமாகத் தடை கேட்டுவருகிறது. நம் ஊரில் குழந்தை மருத்துவரிடம் கேட்டாலும் 'வாக்கர் வேண்டாம்' என்றுதான் சொல்கிறார்கள். மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால் முதல் கடையிலேயே அது தொங்குகிறது.

நடைவண்டி போனதற்கு இன்னொரு காரணம் தரை. சாணி மெழுகிய தரையிலும் சிவப்புச் சிமெண்டுத் தரையிலும் மரச்சக்கரத்துக்கு ஒரு பிடி இருந்தது. வழவழப்பான டைல்ஸ் வந்ததும் அந்தப் பிடி போயிற்று. குழந்தை கையை வைத்த மாத்திரத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மாடியில் குடியிருந்தால் மரச்சக்கரத்தின் கடகட சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். இன்று இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை போட்டு விற்கும் மர நடைவண்டிகளில் பலவற்றின் சக்கரத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அந்த ரப்பர் வளையம்தான் அதன் மறுவருகைக்கான டிக்கெட். புதிய தரைக்குப் பழைய வண்டி ஒத்துவந்துவிட்டது.

செய்தவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். இங்குள்ள தச்சர்கள் நடைவண்டியை மட்டும் செய்து பிழைத்ததில்லை. நிலை, கதவு, கட்டில் வேலைகளில் மிச்சமாகும் துண்டு மரத்தில் ஓய்வு நேரத்தில் செய்ததுதான் அது. ஆடிப்பூரக் கடைகளிலும் பூக்குழித் திருவிழாக் கடைகளிலும் விற்கும்; குற்றாலம் சீசனுக்குப் போனவர்கள் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானோடு அதையும் வாங்கிவருவார்கள். கதவு இரும்பாகவும் பிளாஸ்டிக்காகவும் மாறி, அலமாரி பிளைவுட்டாக மாறியபோது துண்டு மரமே இல்லாமல் போனது. பிளைவுட் துண்டில் நடைவண்டிச் சக்கரம் கடைய முடியாது. ஒரு பொருள் மறைவதற்கு அதை யாரும் வெறுக்க வேண்டியதில்லை. அது ஒட்டிப் பிழைத்த பெரிய தொழில் திசைமாறினாலே போதும்.

பேரிங் வண்டிக்கும் இதே கதி. மூன்று பேரிங், ஒரு பலகை, திருப்புவதற்கு முன்னால் ஒரு குறுக்குக் கட்டை, அதில் ஒரு கயிறு. மில்லும் ஜின்னிங் ஆலையும் லாரிப் பட்டறையும் உள்ள ஊரில் தேய்ந்த பேரிங் கிடைப்பது கஷ்டமில்லை. ஒருவன் உட்கார, ஒருவன் முதுகில் கைவைத்துத் தள்ள, தெருவே அதிரும். பனைமட்டையில் உட்காரவைத்து இழுப்பதும் நொங்குக் குடுக்கையில் வண்டி கட்டி ஓட்டுவதும் செலவே இல்லாத வாகனங்கள். இவை எதையும் யாரும் விற்கவில்லை. அதனால் எந்தக் கடையும் இவற்றை நிறுத்தவுமில்லை; ஓட்டத் தெரு இல்லாமல் தானாக நின்றன.

வாடகை சைக்கிள் கொஞ்சம் வேறு மாதிரி. கால் சைக்கிள், அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் என்று பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ப வரிசையாக நிற்கும். கடைக்காரர் நோட்டில் பெயரும் அப்பா பெயரும் தெருவும் எழுதிக்கொள்வார். மணிக்கணக்குக்கு நாலணா, எட்டணா. முன்பணம் கேட்பதில்லை, அப்பா பெயர்தான் ஜாமீன். 1980-இல் வந்த டிவிஎஸ் 50 பெரியவர்களின் வாடகைச் சவாரியைக் குறைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச சைக்கிள் மிச்சத்தை முடித்தது. இதை ஒரு இழப்பு என்று அழ எனக்கு மனம் வரவில்லை. பிளஸ் ஒன் படிக்கும் பெண் தன் சொந்த சைக்கிளில் பள்ளிக்குப் போவது, மணிக்கு எட்டணா சைக்கிளைவிட எத்தனையோ மடங்கு மேல். 2024-இல் கமலக்கண்ணன் இயக்கத்தில் வந்த 'குரங்கு பெடல்' படம், ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து இந்த வாடகை சைக்கிள் காலத்தைத் திரைக்கு மீட்டது. திரையில் வந்தது, கடைக்கு வரவில்லை. வரவும் வேண்டியதில்லை.

பெரிய கம்பெனிகள் செய்த வண்டிகளின் கதை வேறு மாதிரி இருக்குமோ என்று பார்த்தால், அங்கேயும் குழந்தைக்கு வாக்குரிமை இல்லை. அமெரிக்காவில் மார்க்ஸ் என்ற பொம்மை நிறுவனம் 1969-இல் 'பிக் வீல்' என்ற பிளாஸ்டிக் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. முன்சக்கரம் பெரிது, இருக்கை தரையோடு தாழ்ந்து இருக்கும். ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது. ஆனால் நிறுவனம் 1972-இல் ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பெனிக்குக் கைமாறியது, பிறகு ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் போனது, 1980-இல் திவாலானது. வண்டி தோற்கவில்லை, அதை வைத்திருந்த கணக்குப் புத்தகம் தோற்றது. அச்சும் பெயரும் கைமாறிக் கைமாறி அந்த வண்டி அவ்வப்போது தலைகாட்டுகிறது.

இங்கிலாந்தின் ராலே சாப்பர் சைக்கிள் இன்னொரு உதாரணம். நீள இருக்கை, உயர்ந்த கைப்பிடி, நடுவில் கியர் கோல். 1970-களின் சிறுவர் கனவு அது. 2023-இல் மீண்டும் வந்தபோது விலை 950 பவுண்டு, நம் பணத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய். எந்தச் சிறுவனுக்கு யார் அதை வாங்கித் தருவார்கள்? அன்று கிடைக்காமல் ஏங்கி இன்று தலை நரைத்தவர்கள் தங்களுக்கே வாங்கிக்கொண்டார்கள். நம் ஊரில் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வார்னிஷ் பளபளக்க நிற்கும் நடைவண்டியும் இந்த ரகம்தான். அது வீட்டுக்குள் திரும்பி வந்திருக்கிறது, குழந்தையிடம் வரவில்லை.

உண்மையான மறுவருகை எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு சான்று இருக்கிறது. 1817 ஜூன் 12 அன்று மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் பெடல் இல்லாத, காலால் உந்தி ஓடும் இருசக்கர மரவண்டியை ஓட்டிக் காட்டினார். சைக்கிளின் பாட்டன் அது. பெடல் வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது. 180 ஆண்டுகள் கழித்து, 1997-இல் ரோல்ஃப் மெர்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியர் அதே வடிவத்தைச் சின்னதாக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். இன்று 'பேலன்ஸ் பைக்' என்று உலகம் முழுக்க ஓடுகிறது; மதுரைக் கடைகளிலும் கிடைக்கிறது. ஏன் திரும்பியது? சிறுவர் சைக்கிளின் இரு பக்கமும் மாட்டும் துணைச் சக்கரங்கள் பெடல் மிதிக்கப் பழக்கின, சாயாமல் ஓட்டப் பழக்கவில்லை. சைக்கிளில் கடினமான பாடமே சாயாமல் இருப்பதுதான். அதைப் பழைய வண்டி நன்றாகச் சொல்லிக்கொடுத்தது. ஏக்கத்தால் அல்ல, உபயோகத்தால் திரும்பியதால் அது நிலைத்தது. நடைவண்டிக்கும் இந்தத் தகுதி இருக்கிறது. வாக்கர் வேண்டாம் என்கிற மருத்துவர், அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும், தச்சுப் பட்டறையில் ஆர்டர் விழும்.

விழுந்தால் செய்துகொடுக்கச் சட்டம் இடம் கொடுக்குமா என்பது அடுத்த கேள்வி. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மை எதுவாக இருந்தாலும் பிஐஎஸ் தரக்குறியீடு இல்லாமல் விற்கக் கூடாது. இந்தத் தரநிலையின்படி இருக்கை உயரம் 435 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சைக்கிள்கூடப் பொம்மைதான்! நோக்கம் சரியானதே. ஈயம் கலந்த பெயிண்ட்டும் கூரான முனைகளும் கொண்ட மலிவு இறக்குமதியைத் தடுக்க வேண்டியிருந்தது. 2020-இல் இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70 ஆக்கினார்கள். இதெல்லாம் உள்நாட்டு பிளாஸ்டிக் ஆலைகளுக்கு நல்ல காலம். ஆனால் துண்டு மரத்தில் மாதம் நாலு வண்டி செய்யும் தச்சர், உரிமம் வாங்கிப் பரிசோதனைக் கட்டணம் கட்டித் தொழில் செய்வாரா? மத்திய கைவினைப் பொருட்கள் ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. சென்னபட்டணாவுக்கு அந்தக் குறியீடு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் 2019-இல் குறியீடு கிடைத்தது, பால்கோவாவுக்கு. நடைவண்டி செய்யும் நம் தச்சர் முதலில் தன்னைக் கைவினைஞர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சட்டப்படி அவர் குற்றவாளி; முதல் தவறுக்கே இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை. விருதுநகர் மாவட்டத் தொழில் மையம் இரண்டு ஊர்களிலும் ஒரு பதிவு முகாம் நடத்தினால் இந்தச் சிக்கல் தீரும்.

வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்ற பெயரில் தமிழாக்கினார். பக்கத்து வீட்டுப் பையனின் பொன் தேரைப் பார்த்த சாருதத்தன் மகன் தன் மண் தேரை வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் தேரை நிரப்புகிறாள். இன்றைய பொன் தேர் பேட்டரியில் ஓடும் குட்டி ஜீப். குழந்தை உட்கார்ந்திருக்க, பின்னால் அப்பா ரிமோட் வைத்துக்கொண்டு நடக்கிறார். காலுக்கும் வேலையில்லை, கைக்கும் வேலையில்லை. ஓட்டுவது அப்பாதான், அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதையும் வாங்கட்டும். ஆனால் அந்த ஜீப் ஓடும் இடத்தைக் கவனித்தீர்களா? கல்யாண மண்டபத்தின் முன்கூடம், பொருட்காட்சித் திடல், மொட்டைமாடி. தெருவில் ஓடுவதைப் பார்க்க முடியவில்லை.

எல்லாக் காரணமும் கடைசியில் தெருவில் வந்து நிற்கிறது. மரம் கிடைக்கலாம், ரப்பர் வளையம் போடலாம், உரிமம் வாங்கலாம், பேலன்ஸ் பைக்கை இணையத்தில் வரவழைக்கலாம். ஓட்ட இடம்? மதுரையிலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த இரண்டு ஊர்களையும் ஊடறுத்துப் போகிறது. அதில் குழந்தைக்கு இடம் கேட்க முடியாது. ஆனால் உள்தெருக்களையும் பைக்குகளும் கார்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. வீட்டுக்குள் இடமில்லாத காருக்கு வாசல்தான் கொட்டகை. வாசலில் கார் நின்றால் பேரிங் வண்டி எங்கே போகும்?

தெருவை மீட்க முடியுமா என்று கேட்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆடிப்பூரத்தன்று வர வேண்டும். ஆண்டாளும் ரங்கமன்னாரும் ஏறும் அந்தப் பெரிய தேர் மரச்சக்கரத்தில் நகர்ந்த காலத்தில் நிலைக்கு வந்துசேர நாள்கணக்கில் ஆகும். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகு அன்றைக்கே நிலை சேர்கிறது. திருவாரூர் ஆழித்தேரும் இப்படித்தான். ஆண்டுக்கணக்கில் நின்றுபோயிருந்ததை 1970-இல் மீண்டும் ஓடவைத்தார்கள். பெரிய தேருக்காக அரசு இயந்திரம் இறங்குகிறது, மின்கம்பியைக் கழற்றுகிறார்கள், கடைகளின் தாழ்வாரத்தை ஒதுக்குகிறார்கள், ரத வீதிகளில் ஒரு வாகனம் விடாமல் நிறுத்துகிறார்கள். அன்று அந்த வீதிகளில் பிள்ளைகள் ஓடுவதைப் பாருங்கள். அவர்களுக்கு விளையாட வரவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

கொலம்பியாவின் போகோட்டா நகரம் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை மோட்டார் வாகனங்களுக்கு மூடிவருகிறது. காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை நூறு கிலோமீட்டருக்கு மேலான சாலை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குழந்தைகளுக்கும் சொந்தம். சென்னையிலும் கோவையிலும் ஞாயிறு காலைகளில் சில தெருக்களை இப்படித் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். பாட்டும் மேடையும் விளம்பரப் பதாகையும் சேர்ந்துகொண்டதில் அது கொண்டாட்டமாகிவிட்டது. நமக்கு மேடை வேண்டாம், மைக்செட் கண்டிப்பாக வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நகராட்சிகளிடம் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஆறு முதல் ஒன்பது வரை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத வீதியையும் ராஜபாளையத்தில் பழையபாளையம் பக்கம் ஒரு தெருவையும் வாகனம் இல்லாமல் விடுங்கள். ஆம்புலன்ஸுக்கு மட்டும் வழி இருக்கட்டும். இதற்குத் தனி நிதியோ திட்ட அறிக்கையோ தேவையில்லை. தெருவின் இரு முனையிலும் தடுப்பு வைத்து இரண்டு காவலர்களை நிறுத்தினால் போதும். வண்டியை வீட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருவார்கள். வரும் ஆடிப்பூரம் முடிந்த மறு ஞாயிறே தொடங்கலாம். தேரோட்டத்துக்கு வாங்கிய தடுப்புகள் அப்போது ஊரிலேயேதான் இருக்கும்.